தொடர்பில் இல்லாதவர்

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தபோது
என் கையில் ஜெல் தடவிய கருவி,
கட்டிலில் ஒரு பலூச்சி லாரிக்காரர்,
திரையில் அவர் இதயம்.
மூச்சைப் பிடியுங்கள் என்றேன்.
பிடித்தார்.

பிறகுதான் பார்த்தேன். மதுரை ஆஸ்பத்திரி.
"எமிமா சாமுவேல்தானே?
பதினோரு வருஷமாகத் தேடுகிறோம்.
ஆய்வுக்காக. நலமா, அல்லது"
அதோடு முடிந்திருந்தது செய்தி.

அந்த "அல்லது" எனக்குப் பழக்கம்தான்.
நாலு வயதில் அடைப்பைத் திறந்தார்கள்,
திறந்த அவசரத்தில் கதவையும் வெட்டிவிட்டார்கள்.
இருபது வருஷம்
நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் பாதி
எதையோ மறந்து வைத்தவள் போல
வாசலிலிருந்தே திரும்பி வந்துகொண்டிருந்தது.
இருபத்துநாலில் புதுக் கதவு.
மாட்டின் இதய உறையில் தைத்த மூன்று இதழ்.

ரூவியில் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு.
ரெசிடன்ட் கார்டுக்கு, கார் முல்கியாவுக்கு,
கீழ்க்கடை லபன் டப்பாவுக்கு.
இதற்கு மட்டும் டாக்டர் கையை விரித்தார்:
பத்து, பதினைந்து. பார்க்கலாம்.

அந்த வரைபடத்தை நான் படித்திருக்கிறேன்.
இடமிருந்து வலமாக இறங்கும் படிக்கட்டு.
ஒவ்வொரு படியிலும்
யாரோ ஒருவருக்கு மார்பு மறுபடி திறந்திருக்கிறது,
அல்லது.
படிகளுக்கு நடுவே சமதளத்தில்
குண்டூசி அளவுக் கீறல்கள்.
கேட்டோம், பதில் வரவில்லை என்று அர்த்தம்.
இருப்பவர் கணக்கிலும் இல்லை, போனவர் கணக்கிலும் இல்லை.
சிம் மாற்றியவர்கள்.
ஏஜென்ட் சொன்ன ஊரில் இறங்காமல்
வேறு ஊரில் இறங்கியவர்கள்.
ஹம்ரியா சந்தில் ஓர் அறைக்கு எட்டுக் கட்டில்,
அத்தனையும் கீறல்கள்.
நானும் ஒன்று.

படிவம் அனுப்பினாள்.
இரண்டு மாடி ஏற முடிகிறதா?
ரம்ஜானிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாம் மாடி.
அரிசிப் பையோடு ஏறுகிறேன். ஆம்.
விடாத காய்ச்சல்? இல்லை.
பல் பிடுங்கினீர்களா? ஒன்று. மாத்திரை போட்டுக்கொண்டுதான்.
கர்ப்பம், எண்ணிக்கை மட்டும்.
ஒன்று.
எத்தனை வாரம் என்று கேட்கவில்லை,
நானும் எழுதவில்லை.

கடைசியாக எப்போது எக்கோ?
போன மாதம். மாரிவிக்தான் பார்த்தாள்,
எனக்கு அடுத்த ஷிஃப்ட்காரி, மணிலா.
திரையை எனக்குத் தெரியாமல் திருப்பி வைத்தாள்.
நான் கண்ணாடி அலமாரியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விலகிப் போவது நீலம், நெருங்கி வருவது சிவப்பு,
ஊருக்குக் காசு அனுப்புகிற எவருக்கும்
இதை விளக்க வேண்டியதில்லை.
நீலம். நீலம். பிறகு
மயிரிழை ஒன்று சிவப்பாக.
அவள் கை ஒரு நொடி நின்றது.
அந்த நொடி எனக்குத் தெரியும்,
தினம் பத்துப் பேரிடம் நானே நிற்கிறேன்.
"மைல்டு" என்றாள். "மைல்டுதான்."
இருவரும் வாயிலில் போய்க் கரக் டீ குடித்தோம்.
அவள் மகன் பள்ளி நாடகத்தில் மரமாக நடித்ததைச் சொன்னாள்.

லேசான கசிவு. அனுப்பினேன்.
"நன்றி மேடம், எங்களிடம் உங்களைத் தொலைந்தவர் என்று போட்டிருந்தோம்."

பதினாலாம் கட்டில்? என்று கேட்டேன்.
செய்யது நாச்சியா, கீழக்கரை.
மாடுதானே டாக்டர், பன்றியில்லையே என்று
இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டவள்.
என் வால்வுக்கு அடுத்த சீரியல் எண் அவளுடையது.
அட்டைகளைச் சேர்த்து வைத்துச் சிரித்திருக்கிறோம்,
தையல் வலிக்க வலிக்க.

"அவரைப் பற்றிச் சொல்லக் கூடாது மேடம்" என்றாள்.
அப்புறம், கொஞ்ச நேரம் கழித்து,
"தெரியவும் தெரியாது."

கல்யாணமாகி சொஹாருக்கு வந்தவள்.
பழைய போனில் ஒரு நம்பர் இருந்தது,
ஏழு வருஷத்துக்கு முந்தையது.
ரூவி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது.
அடுத்த நோயாளி சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறார்.
ஒரு நிமிஷம் என்று சைகை காட்டுகிறேன்.

ரிங் போகிறது.